கண்ணில் இரும்பு

"உடம்புல எங்கயாவது இரும்பு இருக்குதா பெரியவரே? ஆபரேஷன் பண்ணி பிளேட்டு வெச்சது, கண்ணுல தூள் பாய்ஞ்சது, அந்த மாதிரி?"

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் சிவசங்கர் கேட்டார்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் ஒண்ணும் ஆவலிங்க சார். நல்லாதான் இருக்கறேன்."

இவ்வளவு தெளிவாக அவர் பேசி ஒரு வருஷம் இருக்கும்.

இப்போதெல்லாம் நடந்தால் பாதம் தரையை விட்டு எழும்புவதில்லை. வேட்டி நனைந்தாலும் தெரிவதில்லை. மூளையைச் சுற்றி ஓடவேண்டிய நீர் தேங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று இந்த மெஷின் அளந்து சொன்னால், டியூப் வைத்து வடித்துவிடலாம். நடை திரும்பும். ஞாபகமும் கொஞ்சம் திரும்பலாம்.

சிவசங்கர் உள்கதவைத் திறந்தார்.

"இருங்க சார். பொய் சொல்றாரு" என்றேன்.

அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவர். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வேலை. பெர்மனென்ட் ஆளுக்கு விரல் நசுங்கினால் லீவு போடலாம். இவர்களுக்கு அடிபட்டால் அதை யாரும் ரிஜிஸ்டரில் எழுதிவிடக் கூடாது. எழுதினால் கான்ட்ராக்டருக்குத் தலைவலி. தலைவலி கொடுத்தவனுக்கு மறுநாள் ஷிப்ட் கிடையாது. சேஃப்டி ஆபீஸிலிருந்து எந்த சார், எந்த மேடம் வந்து கேட்டாலும் ஒண்ணும் ஆவல என்றுதான் சொன்னார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னார்கள்.

"எடது கண்ணுல ஒரு தடவ இரும்புத் துணுக்கு தெறிச்சிது சார். ஆஸ்பத்திரிக்குப் போவல. மெடிக்கல்ல சொட்டுமருந்து வாங்கி ஊத்திக்கினாரு. அது வெளிய வந்ததை யாரும் பாக்கல."

சிவசங்கரின் கை கதவிலேயே நின்றுவிட்டது.

"என்னம்மா நீங்க. உள்ள போயிருந்தா காந்தம் இழுத்து கண்ணே போயிருக்கும். மொதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க." சீட்டு எழுத மேசையிலிருந்த பேனாவை எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்து வந்து தீர்ந்துவிட்டது போல. ஏசி குளிர்ந்தது. அவ்வளவுதான்.

பேனாவைப் பார்த்ததும் அப்பா எழுந்துவிட்டார். தடுமாறி என் கையைப் பிடித்தார். என் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எழுத வேணாம்னு சார்கிட்ட சொல்லுங்க மேடம். எம் பொண்ணு காலேஜ் படிச்சிக்கினு இருக்குது. எங்க வூட்டுல அதுதான் மொத மொத போவுது."

சிவசங்கர் எழுதிக்கொண்டிருந்தார்.

"எழுதலிங்க" என்றேன்.