ஷமீமாவின் இடது செருப்பு

வெறுந்தரையில் உட்காரும் முன்னால் நாமெல்லாம் என்ன செய்வோம், சொல்லுங்கள் பார்ப்போம்? செருப்பைக் கழற்றிப் போட்டு அதன் மேல்தானே உட்காருவோம்! குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கல்லூரி வாசலில் கூடிய பிள்ளைகளும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். போலீஸ் அடிக்கத் தொடங்கியதும் ஷமீமா கைக்கு வந்த வலது செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினாள். இடது அங்கேயே கிடந்தது. அதன் குறுக்கே, அடித்த அடியில் முறிந்த லத்தி ஒன்றும் கிடந்தது.

"ரெண்டு வருஷம் அவகூட நடந்தேன், அண்ணே," என்றது செருப்பு. "ஒரு மழையில என் வார் அறுந்துச்சு. புதுசு வாங்காம ஊக்கு குத்தி என்னையே போட்டுக்கிட்டா. காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம் பாருங்க, வழியெல்லாம் ஒரே சிரிப்பு!"

"அவளோடதுதான்னு காட்ட உன்கிட்ட காகிதம் இருக்கா?" என்று லத்தி மிடுக்காகக் கேட்டது.

"காகிதம் எதுக்கு? என் மேல பாருங்க, அவ அஞ்சு விரலும் பதிஞ்சு குழியாயிருக்கு."

லத்தி பார்த்தது. மிடுக்கெல்லாம் இறங்கிப்போனது.

"அவ கணுக்காலை எனக்கும் தெரியும்," என்று முனகியது.

அந்நேரம் ஷமீமா நொண்டிக்கொண்டே வந்தாள். சிதறிக் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். லத்தியைக் கண்டதும் நாலடி தள்ளியே நின்றுவிட்டாள். தெருமுனையில் குப்பை வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் உருண்டு போயிடுங்களேன்," என்று கெஞ்சியது செருப்பு. "நீங்க இங்க இருந்தா அவ கிட்ட வரமாட்டா."