இரு கை அளவு

அகராதிக்குப் படம் வரையும் சவரிமுத்துவிடம் அன்று வந்தது ‘கௌபென்’ என்ற பழைய ஆங்கிலச் சொல். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்தால் கொள்ளும் அளவு என்று சீட்டில் எழுதியிருந்தது. மாதிரிக்காக, மெய்ப்பு பார்க்கும் வேதவல்லி எதிரே அமர்ந்து கைகளைக் குவித்தாள்.

“இடது கை ஒசந்திருக்கும்மா. ரெண்டையும் சமமா வைங்க.”

வைத்தாள். அவர் இரண்டு கோடு இழுப்பதற்குள் அது மறுபடி உயர்ந்திருந்தது. மூன்றாம் முறை சொன்னபோது அவள் கைகளையே பார்த்தபடி பேசினாள்.

“தலை அந்தப் பக்கம் சார். எம் பொண்ணு ஏழு மாசத்துலயே பொறந்துட்டா. இவ்வளவுதான் இருந்தா.”

இடது கை உயர்ந்திருந்தபடியே வரைந்தார். படம் முடிந்துவிட்டது. கையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வரைந்த கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தார்.