தலையணையில் முடி

விடிந்ததும் ரிச்சர்ட் மனைவியின் தலையணையைத் தடவிப் பார்த்தார். ஒரு முடிகூட இல்லை. இடிந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"முடி கொட்டலைன்னா சந்தோஷம்தானேப்பா?" என்றாள் மகள் டானியலா.

"என்ன சந்தோஷம்? டாக்டர் சொன்னது மறந்துடுச்சா? கேன்சர் செல் ஓயாம தன் டிஎன்ஏவை காப்பி எடுத்து எடுத்துப் பெருகுது. கீமோ அந்தக் காப்பியை நிறுத்தும். முடிவேரும் அதே வேகத்துல காப்பி எடுக்கறதுதான். அதுவும் நின்னு, முடி கொட்டும். இத்தனை வாரமாச்சு, உங்கம்மாவுக்கு ஒண்ணுமே கொட்டலையே! மருந்து வேலை செய்யல லா!"

"எல்லாருக்கும் கொட்டாதுப்பா."

அவர் காதில் விழவில்லை. சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவு வேலையில் லீவு கிடைக்காமல், மனைவி அற்புதமேரியைக் கீமோவுக்குத் தனியாகவே அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்.

மறுநாள் காலை தலையணை முழுக்க முடி.

"மாதாவே!" என்று அழுதுகொண்டே ரிச்சர்ட் மெழுகுவத்தி ஏற்றக் கோயிலுக்கு ஓடினார்.

டானியலா முடியை அள்ளினாள். கை நின்றது.

"அம்மா, இதுல ஒண்ணுலகூட வேரே இல்லையே?"

அற்புதமேரி மெத்தைக்கு அடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"இந்த உடம்பு தாங்காதுன்னு டாக்டர் கீமோவை ஆரம்பிக்கவே இல்லடி. அதை எப்படி உங்கப்பாகிட்ட சொல்றது?" என்றவள், மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். "பின்பக்கம் எனக்கு எட்டல. நாளைக்கு வேணும், நீ கொஞ்சம் வெட்டி விடு."