மடியோடு தைத்த கரடி

எங்கள் கைவினைச் சங்கத்தின் பஞ்சுப் பொம்மைக் கண்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மையின் விலாவில் மூன்று விரல் அகலம் தைக்காமல் விட்டுத்தான் கொண்டுவர வேண்டும். கண்காட்சியன்று காலையில் இன்னொருவர் அதைத் தைத்து மூடுவார். இந்த வருஷம், உறுப்பினர் ரெஜினா விலாவைப் பிரித்து மறுபடியும் கொண்டுவந்த கரடி எனக்கு வந்தது. போன வருஷம் தையல் கோணல் என்று அதே கரடியை மேசைக்கு அடியில் தள்ளியவள், சங்கச் செயலாளரான நான்தான். அந்தக் குறுகுறுப்பில், அதை மடியில் கிடத்தி, நூல் பிசகாமல் தைத்தேன். முடிச்சுப் போட்டுவிட்டுத் தூக்கினால் கரடி வரவில்லை. என் சேலையையும் சேர்த்துத் தைத்திருந்தேன். கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். எழுந்தால் கரடி தொங்குமே என்று வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். ஒரு குழந்தை அதன் காதைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது. கடைசியில் ரெஜினாவே கத்தரிக்கோலோடு வந்து குனிந்தாள்.

“வெட்டிரும்மா. சேலை போனா போகுது,” என்றேன்.

அவள் என் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இருக்கட்டும்க்கா. போன தடவ நாள் பூரா மேசைக்கடியில கெடந்தான். இப்பதான் ஒரு மடி கெடச்சிருக்கு.”

கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் நன்றியுரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, கரடியை ஒரு கையால் ஏந்தியபடி மேடையேறினேன்.