ஊமைப் பெட்டி

"இப்ப சத்தம் வருதா, பியூலா?"

"வரலைங்க."

"நல்லா கேட்டுச் சொல்லு. லேசாக்கூட வரலை?"

"வரலைன்னா வரலைதான். இன்னும் எத்தனை தடவை கேப்பீங்க?"

கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள் பியூலா. சேலையூர் பள்ளிக்கூடத்தில் அவள் பாட்டு டீச்சர். வீட்டிலும் அதே குரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்று பேர்தான். சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாக, போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல், ஞானையா அந்த டைமிங் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஃபிளையிங் கிளப்பில் அவர் மெக்கானிக். விமான இன்ஜினுக்குத் தீப்பொறி தருகிற மேக்னெட்டோ, சரியான நேரத்தில் பொறி விடுகிறதா என்று அந்தப் பெட்டியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வயரை மாட்டிவிட்டு, முன்னால் இருக்கிற விசிறியைக் கையால் மெல்லத் திருப்பினால், பொறி விழுகிற இடத்தில் பெட்டி 'ரீங்' என்று கத்தும். அந்த இடத்தில் மேக்னெட்டோவை இறுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்குக் காது வேண்டும்.

போன வாரம் அவர் செட் பண்ணிய இரண்டு புஷ்பக் விமானங்களிலும் டைமிங் தப்பு. நல்லவேளை, மேலே கிளம்புவதற்கு முன்பே சீஃப் இன்ஜினியர் ஸ்ரீநிவாசராகவன் கண்டுபிடித்துச் சரி பண்ணிவிட்டார்.

"ராகவன் சார் தங்கமான மனுஷன். கத்தலை. 'வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா பாருங்க, ஞானையா. கோளாறு பெட்டியிலன்னா மாத்திக்கலாம். உங்க காதுலன்னா...'ன்னு இழுத்தார். அதுக்கு மேல சொல்லலை. ஸ்டோர் ரூம் பக்கம் பார்த்தார்."

"ஸ்டோர்ல உக்காந்தா இப்ப என்ன குடி முழுகிடும்?"

"நட்டும் போல்ட்டும் எடுத்துக் குடுத்துக்கிட்டா? இன்ஜினைத் தொடாம என்னால இருக்க முடியுமா பியூலா? செத்தே போயிடுவேன்."

பியூலா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஞானையா பெட்டிக்குப் புது பேட்டரி போட்டார். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கிளிப் மாட்டினார். அப்படிச் சேர்த்துவிட்டால் நல்ல பெட்டி விடாமல் கத்த வேண்டும்.

"இப்ப?"

பியூலா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ம்ஹும்."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ற வழக்கம் நம்ம வீட்ல உண்டா? பெட்டிதாங்க செத்துப்போச்சு. உங்க காதுக்கு ஒண்ணும் இல்லை. போதுமா?"

"அப்பாடா! ஸ்தோத்திரம்!" ஞானையா ஒரு வாரத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கண்கூடக் கலங்கிவிட்டது. "எனக்குள்ள எப்படி உதறிக்கிட்டு இருந்தது தெரியுமா? நீ சொன்னா சரிதான். நம்ம சர்ச் போதகர் சம்சாரம், ஐயரம்மா ஆசையா சுட்ட கேக்கை, 'செங்கல்லு மாதிரி இருக்கு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவளாச்சே. உனக்குப் பொய் வராது. கொயர்ல யாராவது கொஞ்சம் சுதி விலகினாலும் திரும்பி முறைக்கிற காது வேற!"

"போதும், போதும். உங்க கூட்டாளி அசரியா அண்ணன் காலைலகூட சர்ச்ல விசாரிச்சார். போய் விஷயத்தைச் சொல்லிட்டு வாங்க."

ஞானையா சைக்கிள் சாவியை எடுத்தார். "பெட்டி அப்படியே கிடக்கட்டும். நாளைக்கு ராகவன் சார் முன்னாடி இந்த ஊமைப் பெட்டியைக் கொண்டுபோய் வெச்சிடறேன்."

சின்னப் பையன் மாதிரி மணியை அடித்துக்கொண்டே கேம்ப் ரோடு பக்கம் போனார். அவர் தலை மறைகிறவரை வாசலில் நின்று கையாட்டினாள் பியூலா. உள்ளே வந்ததும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

ஜன்னலுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு சாவித்ரியின் முகம் தெரிந்தது. அவள் இடுப்பில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சரக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல என்னமோ 'ரீங்...'குன்னு ரொம்ப நேரமா கத்திக்கிட்டே இருக்கே, அதைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? குழந்தை தூங்கவே மாட்டேங்குது."