அஞ்சு காசின் விலை

பழைய நாணயக் கடைக்காரர் பூதக்கண்ணாடியை இறக்கி வைத்தார்.

"இந்த அஞ்சு காசு ஒரு டீக்குக்கூடத் தேறாதும்மா."

"நல்லாப் பாருங்க தம்பி. லட்சம் போகும்னு அப்பவே சொன்னாங்களே!" தையல்காரம்மாவின் குரல் கெஞ்சியது.

"சொன்னவரையே வாங்கிக்கச் சொல்லுங்க. தினம் பத்துப் பேர் இப்படித்தான் மனக்கோட்டை கட்டிக்கிட்டு வர்றாங்க. இது கோடிக்கணக்குல அடிச்சுவிட்ட காசு."

"ஒரு பத்தாயிரமாவது?"

"கத்தரிக்காய்க்குப் பேரம் பேசற மாதிரி பேசறீங்களே! ரொம்பப் பணமுடையா?"

"எனக்கென்ன முடை? நான் விக்கவே வரலை."

கடைக்காரர் விழித்தார். "பின்னே?"

"இருபது வருஷத்துக்கு முன்னாடி இது காணாமப் போச்சு. தங்கச்சிதான் எடுத்துட்டான்னு நெனச்சு, அவ கல்யாணத்தன்னைக்கு, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, அவ பெட்டியைக் கூடத்துல கவுத்துக் கொட்டினேன். அன்னைக்கோட எங்களுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. நேத்து தையல் மிஷினைப் பழுது பார்க்கக் கழட்டினாங்க. இழுப்பறைக்குப் பின்னாடி, இடுக்குல மாட்டிக்கிட்டுக் கிடந்தது."

கடைக்காரர் காசை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்பவாவது கிடைச்சுதே. நேராப் போய் அவங்ககிட்ட சொல்லிடுங்கம்மா."

"அதுக்குத்தான் தம்பி இங்க வந்தேன். லட்சம் போற காசுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பேராசையில புத்தி கெட்டுப்போச்சுடின்னு அவ காலைப் பிடிச்சிருப்பேன். இப்ப இதைக் காட்டி என்னன்னு சொல்வேன்?"