புளி போட்ட பென்னிகள்

இருநூற்றுப் பதினான்கு பென்னிகளையும் பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டார் சத்தியபாமா.

கணவரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவர் கொடுத்த சர்ப்ரைஸ் அது. பென்டில் ஹில்லில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது இந்திரகுமார் ஒரு பிஸ்கட் தகரப் பேணியை வாங்கி வந்திருந்தார். உள்ளே நூறு வருடம் தாண்டிய பிரிட்டிஷ் செப்புக் காசுகள். பிறந்தநாளன்று ஆறுதலாக உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று ஒரு காசைக்கூட வெளியே எடுக்காமல் வைத்திருந்தார்.

அன்றைக்குத் திறந்தார். உள்ளே எல்லாம் குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது.

பழங்காசு சேர்க்கிறவர்களுக்கு அதில் படிந்த கறுப்புத்தான் உயிர். தேய்த்த காசை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். இந்திரகுமார் பேணியை மூடினார். கூடவே வாயையும் மூடினார்.

ஹோம்புஷில் அவர்கள் இருந்த ஃபிளாட்டில் அதற்குப் பிறகு பேச்சில்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் கோப்பையால் மேசையில் இரண்டு தரம் தட்டுவார். கறியில் உப்புக் கூடினால் மூன்று தரம். ஒருநாள் நான்கு தரம் தட்டினார். அது எதற்கென்று சத்தியபாமாவுக்கு விளங்கவில்லை. மேல்மாடிக்காரர்தான் கதவைத் திறந்து யார் வந்திருப்பது என்று பார்த்தார்.

நண்பர் மகேந்திரராஜாவும் காசு சேர்க்கிறவர்தான். அவரே வந்து ஏசினார்.

"முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்திப்போட்டு, செப்புக் காசுக்காக மனுசியோடை கோவமோ?"

இந்திரகுமார் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

சத்தியபாமா அழவில்லை. "இந்தக் காசை வைச்சே இந்த மனுசனைக் கதைக்க வைக்கிறன்" என்று சொல்லி, கணவரின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்திரகுமார் இருபது வருடமாகத் தேடுவது 1902ஆம் வருடப் பென்னியில் ஒரு வகையை. காசின் பின்பக்கம் கடலோரத்தில் ஒரு பெண் சூலத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய கால்கள் குறுக்கே போகிற இடம்வரை கடல் நிற்கும். அச்சு வேறுபட்ட சில காசுகளில் மட்டும் கடல் ஒரு மயிரிழை கீழே.

சத்தியபாமாவுக்கு முதல் நாளே 1902ஆம் வருடக் காசு பதினேழு அகப்பட்டன. பதினேழிலும் கடல் நிறைந்துதான் கிடந்தது. வருடத்தைப் பிழையாக வாசித்திருப்பேன் என்று அடுத்த நாள் எல்லாவற்றையும் கொட்டி, திரும்பவும் பார்த்தார். அதற்கு அடுத்த நாளும். சோறு வேகிற நேரத்தில் பத்துக் காசு, உடுப்புக் காய்கிற நேரத்தில் இருபது. இந்திரகுமார் தன் கதிரையிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

வியாழக்கிழமை இந்திரகுமார் சட்டையை மாற்றிக்கொண்டு சிட்டிக்கு ரயிலேறினார். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பின்னேரம் வந்து கோப்பையை இரண்டு தரம் தட்டினார்.

"நான் இஞ்சை கண் பூக்கத் தேடுறன், அவர் ஊர் சுத்திப்போட்டு வாறார்" என்று சத்தியபாமா அன்று மகேந்திரராஜாவிடம் போனில் குறைப்பட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகேந்திரராஜா வந்திருந்தார். பிறந்தநாள் கழிந்து அது பன்னிரண்டாம் நாள். சத்தியபாமா வழக்கம்போலக் காசுகளைக் கொட்டினார். ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்குள் பார்த்தார். நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

எழுந்துபோய் அவருடைய கையில் வைத்தார்.

"இஞ்சருங்கோ. இதிலை கடல் வத்திக் கிடக்கு."

இந்திரகுமார் விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நண்பர் எட்டிப் பார்க்கமுதல் பொத்திக்கொண்டார்.

"ஓம், இதுதான். இருவது வருசம் என்ரை கண்ணிலை படாதது உன்ரை கண்ணிலை பட்டிருக்கு, பாமா. நீயே வைச்சிரு" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேத்தண்ணி போடன். மகேந்திரத்துக்கும்" என்றார்.

தேத்தண்ணி குடித்தும் மகேந்திரராஜாவுக்கு மனம் ஆறவில்லை. லிஃப்ட்வரை வழியனுப்ப வந்த சத்தியபாமாவிடம் பொரிந்தார்.

"ஒரு காசு கிடைச்சால்தான் மனுசியோடை கதைப்பானாம். கல்லு நெஞ்சன்."

சத்தியபாமா உள்ளங்கையை விரித்தார். காசு பனங்கட்டி நிறத்தில் கறுத்துக் கிடந்தது.

"பேணியிலை இருந்த அவ்வளவையும் நான்தான் தேய்ச்சனான், அண்ணை. இது வியாழக்கிழமை ரயிலிலை வந்தது. இதுக்குப் புளி போட மனுசனுக்கு மனம் வரேல்லைப் போலை."

லிஃப்ட் கதவு திறந்தது.

"அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. பாவம், எனக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறார்."